குட் நைட் சொல்லிக்கொண்டு வந்தவள்

அன்னவாசல்
11 பிப்ரவரி 1938

தம்பி இன்னாசிக்கு,

புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் உங்கள் துரைமார் கிளப்பு வாசலில் நான் முட்டைக் கூடையோடு நின்றேன். நீ நாலடி தள்ளித் தட்டேந்திக்கொண்டு நின்றாய். சமையல்காரர் உள்ளேயிருந்து, "யாருப்பா அது, அங்கிட்டு நிக்கிறது?" என்று கேட்டார். "யாரோ முட்டைக்காரி" என்று நீ சொன்னாய். நடந்தது இதுதான். நான் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை என்று எழுதாமல் விட்டிருக்கிறேன். மறதி இல்லை. கோபத்தில் எழுதுகிற காகிதத்துக்குள் அவர்களை எதற்கு இழுப்பது?

நேரம் தவறி வந்தது என் பிசகு, ஒத்துக்கொள்கிறேன். காலை பத்து மணிக்கு வரச்சொல்லி எழுதியிருந்தாய். வழியில் மாட்டுக்கு லாடம் கழன்றுவிட்டது. உன் மச்சான் அதோடு மல்லுக்கட்டி வண்டியை நார்த்தாமலை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதற்குள் காலை ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் வந்தேன். தலையில் முட்டையை வைத்துக்கொண்டு யாரும் ஓட முடியாது.

உங்கள் செக்ரட்டரி துரையின் துரைசானி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் படிக்குக் கீழே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். 'வா' என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ தட்டைப் பார்த்தாய். ஊமை மாதிரி எவ்வளவு நேரம் நிற்பது? எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷை எடுத்துவிட்டேன். "குட் நைட்" என்றேன். இருட்டினபிறகு நார்த்தாமலை ஸ்டேஷன் மாஸ்டர் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு கார்டு துரைக்கு அதைத்தான் சொல்கிறார். இருட்டுக்கு உள்ள மரியாதை அதுவென்று நினைத்தேன். துரைசானியும் "குட் நைட்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். என்ன கொண்டுவந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

அது போகட்டும். ஆத்தாவும் அப்பனும் ஒரே வருஷத்தில் போனபிறகு, பன்னிரண்டு முட்டையும் ஒரு ஓலைக்கூடையும் வைத்துக்கொண்டு நான் தொடங்கிய வியாபாரம் இது. பங்குச் சாமியார் பங்களாவில் உன்னைச் சேர்த்துவிட்டு, அங்கே நீ இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டு நான் பூரித்த பூரிப்பு உனக்குத் தெரியாது. உங்கள் கிளப்பு என் முட்டையை வாங்காவிட்டால் நான் குன்றாண்டார்கோவில் சந்தையில் விற்றுக்கொள்வேன். தம்பியை எந்தச் சந்தையில் வாங்குவது, நீயே சொல்.

இப்படிக்கு
அக்காள் ஆரோக்கியம்மாள்


சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி
15 பிப்ரவரி 1938

மகா கனம் பொருந்திய தமக்கையார் அவர்களுக்கு இன்னாசி வணக்கமாய் எழுதிக்கொண்டது.

தாங்கள் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. இருமுறை வாசித்தேன்.

முதலில் தங்களுடைய இங்கிலீஷைப் பற்றி. குட் நைட் என்பது வருகிறவர் சொல்வதன்று, போகிறவர் சொல்வது. ஸ்டேஷன் மாஸ்டர் அதை எப்போது சொல்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். ரயில் புறப்படும்போது. தாங்கள் படியேறும் முன்பே விடைபெற்றுக்கொண்டீர்கள், துரைசானி மரியாதையாக விடை கொடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. உள்ளே போய் செக்ரட்டரி துரையிடம் சொல்லி இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். நான் அப்போது சூப்பு பரிமாறிக்கொண்டிருந்தேன். சிரிப்பு அடங்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

இனி மறக்க வேண்டாம். காலையில் குட் மார்னிங். மத்தியானத்துக்குமேல் குட் ஆஃப்டர்நூன். பொழுது சாய்ந்தபின் குட் ஈவினிங். இவை மூன்றும் சந்திக்கும்போது சொல்வன. குட் நைட் படுக்கப் போகும் நேரத்துக்கு, அல்லது இருட்டியபின் பிரிகிறபோது. சேர்ந்தாற்போல் 'மேடம்' என்று ஒரு சொல் வைக்க வேண்டும். 'ஹலோ' என்று சொல்லவே கூடாது. அது அவர்கள் தங்களுக்குள் தோளில் தட்டிச் சொல்லிக்கொள்வது. நாம் சொன்னால் எல்லை தாண்டியதாகும்.

மற்றொரு விஷயம் எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் உண்டு. காகிதத்தில் எழுதக்கூடியதாயில்லை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
இன்னாசி


அன்னவாசல்
20 பிப்ரவரி 1938

இன்னாசிக்கு,

மகா கனம் பொருந்திய தமக்கையார் என்று போட்டிருந்ததைப் பார்த்து உறையைத் திருப்பி விலாசம் சரிதானா என்று பார்த்தேன். உன் மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். "கலெக்டர் பொஞ்சாதிக்கு வந்த காயிதத்தைப் போஸ்ட்மேன் நமக்குக் குடுத்துட்டுப் போயிட்டானா?" என்று கேட்கிறார்.

நீ ஜுரத்தில் கிடந்தபோது, "அக்கா, நீ போவாத" என்று என் சேலைத் தலைப்பைப் பிடித்தவன். இப்போது 'தாங்கள்' என்கிறாய். எனக்கு இங்கிலீஷ் மரியாதைதான் தெரியாது. தமிழ் மரியாதை தெரியும். சொந்த அக்காளுக்கு எழுதுகிற 'தாங்கள்' கதவைச் சாத்துகிற 'தாங்கள்'. துரைசானி எனக்குச் சொன்ன குட் நைட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சரி, நீ படித்த பாடத்துக்கு வருகிறேன். எனக்குச் சில சந்தேகங்கள்.

முதல் சந்தேகம், யார் முதலில் வாய் திறப்பது? நம் பக்கத்தில் வந்து நிற்கிறவர் பேசமாட்டார். வீட்டுக்காரர்தான் "வாங்க" என்று சொல்வார். பகைவன் வாசலுக்கு வந்தாலும் 'வா' என்று சொன்னபிறகுதான் சண்டை. அழைக்கும் முன்னே தானாக வாய் திறந்துகொண்டு போகிறவள் கைம்மாற்று கேட்க வந்தவளாகத்தான் இருப்பாள். அதனால்தான் நான் நின்றேன். அந்தம்மாள் அங்கே எதற்காகக் காத்திருந்தார்?

இரண்டாவது, மார்னிங் எப்போது முடிகிறது? நான் கோழி கூவுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் சந்தை முடித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் எனக்கு அதுவே சாயங்காலம் மாதிரி. துரைசானி எட்டு மணிக்கு எழுந்தால் அவருக்கு அப்போதுதான் விடிகிறது. யார் பொழுதைக் கணக்கில் எடுப்பது?

நம் சாமியாரைப் பார்த்தால் "சர்வேசுரனுக்குத் தோத்திரம், சாமி" என்கிறோம். விடிந்தாலும் சரி, இருட்டினாலும் சரி, வந்தாலும் சரி, போனாலும் சரி, ஒரே சொல். ஒரே படிக்கல்லை வைத்து எல்லாச் சரக்கையும் நிறுத்துவிடலாம். இவர்கள் ஒரு நாளை நாலு கூறாக்கி நாலுக்கும் நாலு படிக்கல் வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கட்டும். சரக்கு அவர்களுக்கு வேண்டும் என்றால் அவர்கள் படிக்கல்லில் நிறுத்துக் கொடுக்க எனக்கு ஆட்சேபம் இல்லை. கற்றுக்கொள்கிறேன்.

ஆனால் காகிதத்தில் எழுத முடியாத காரணம் என்று ஒன்று கிடையாது. எழுத மனசில்லாத காரணம்தான் உண்டு. எழுது.

ஆரோக்கியம்


சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி
27 பிப்ரவரி 1938

அக்காளுக்கு,

நீ சொன்னது சரி. 'தாங்கள்' என்று எழுதும்போது எனக்கே யாரோ பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. விட்டுவிட்டேன்.

காரணத்தை எழுதுகிறேன். கிளப்பில் ஒரு சட்டம் இருக்கிறது. இங்கே வேலை பார்ப்பவர்களுடைய சொந்தக்காரரிடமிருந்து அடுப்படிக்குச் சாமான் வாங்கக்கூடாது. எனக்கு முன்னே இருந்த பட்லர் தன் மைத்துனனிடம் ஆட்டுக்கறி வாங்கி, கிழட்டு ஆட்டுக்குக் குட்டி விலை போட்டிருக்கிறார். அவரைத் துரத்திவிட்டு இந்தச் சட்டத்தைப் போட்டார்கள். ஸ்டோர் அறைச் சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. முட்டை வாங்குவதும் எண்ணி எடுப்பதும் நான்தான். நீ என் அக்காள் என்று தெரிந்தால் உன் முட்டையும் உள்ளே வராது, என் சாவியும் இருக்காது. அதனால்தான் "அன்னவாசல் பக்கம் நல்ல முட்டை கொண்டுவருகிற ஒரு அம்மாள் இருக்கிறாள்" என்று துரைசானியிடம் முன்னாலேயே சொல்லி வைத்தேன்.

இது முழுக் காரணம் இல்லை. நீ தோண்டித்தான் எடுப்பாய், நானே சொல்லிவிடுகிறேன். நீ குட் நைட் சொன்னபோது துரைசானியின் உதடு நடுங்கியது, சிரிப்பை அடக்குவதற்கு. அந்த ஒரு நொடியில் எனக்குச் சட்டம் எல்லாம் ஞாபகம் வரவில்லை. சமையல்கார ராக்கன் கேட்டபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. நல்லவேளை ஒரு சட்டம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டேன்.

யார் முதலில் பேசுவது என்று கேட்டாயே. இங்கே வருகிறவர்தான் முதலில். அதுவும் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு. நீ வாய் திறக்காமல் நின்றதை அவர்கள் திமிர் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். மார்னிங் பகல் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. யார் எப்போது எழுந்தாலும் கடிகாரம் ஒன்றுதான்.

இப்போது நல்ல சேதி. பாஸ்கா திருநாளுக்கு, இவர்கள் ஈஸ்டர் என்பார்கள், கிளப்பில் பிள்ளைகளுக்கு விருந்து. முட்டையை அவித்து அதற்குச் சாயம் பூசி, தோட்டத்தில் ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடச் சொல்வார்கள். இது இவர்கள் வழக்கம். பழுப்பு ஓட்டில் சாயம் ஏறாதாம், வெள்ளை ஓடாக வேண்டும். பெரிய ஆர்டர். கோழியும் வேண்டும். உன்னைப் பற்றி மறுபடி பேச்செடுத்தேன். "அந்த குட் நைட் பெண்ணா? வரச்சொல்" என்றார்கள். மறக்கவில்லை, பார்.

நீ வா. ஆனால் முட்டைக்காரியாக வா. நானும் முட்டைக்காரியைப் பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பேன். வியாபாரம் நிலைத்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் தம்பி
இன்னாசி


அன்னவாசல்
6 மார்ச் 1938

தம்பி இன்னாசிக்கு,

விபூதிப் புதன் முடிந்து தவசு காலம் தொடங்கிவிட்டது. அதனால் கோபத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதுகிறேன்.

நீ இரண்டாவது காரணத்தையும் சொன்னது நல்லது. முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. உள்ளே இருக்கிறது தெரிந்துவிட்டால், நல்லதோ கெட்டதோ, அதற்கேற்ற விலை போட்டுவிடலாம்.

பாடம் நடக்கிறது. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கும்போது கோழிகளுக்கு குட் மார்னிங் சொல்கிறேன். சேவல் உடனே பதில் சொல்கிறது. உங்கள் துரைசானியைவிட அது மரியாதை தெரிந்தது. உன் மச்சான் வயலிலிருந்து வரும்போது குட் ஈவினிங் என்றேன். "ஏன், ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நார்த்தாமலை ஸ்டேஷனில் நேற்று நம் ஸ்டேஷன் மாஸ்டர் ஆத்மநாதனிடம் முயன்று பார்த்தேன். பார்சல் போட நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, "குட் மார்னிங், சார்!" என்றேன். பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன ஆரோக்கியம், சீமைக்குப் போறியா?"

"சீமை எதுக்குங்க? சீமையே திருச்சியில வந்து ஒக்காந்து முட்டை திங்குது. நான் அங்கிட்டுப் போனாப் போதாதா?"

"அது சரி. ஆனா கெடிகாரத்தப் பாரு, பன்னெண்டு தாண்டியாச்சு. இனிமே ஆஃப்டர்நூன்."

"எங்கிட்ட கெடிகாரம் இல்லீங்களே."

"நெழலு இருக்குல்ல? காலடியில வந்து ஒடுங்குதா? ஒடுங்கி அந்தப் பக்கம் கெளம்பிருச்சுன்னா மாத்திக்க."

அவர் சொல்வதைக் கேட்டுத்தான் நான் குட் நைட் கற்றுக்கொண்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. பாவம், மனுஷன் அப்புறம் கார்டுக்குச் சொல்லவே யோசிப்பார்.

இனி காரியம். வெள்ளை ஓட்டு முட்டை நம் அன்னவாசல் பக்கமே சேர்த்துவிடுவேன். கோழிதான் சங்கடம். குன்றாண்டார்கோவில் பக்கம் வெள்ளைக்கழிச்சல் பரவுகிறது. சாயங்காலம் நன்றாக மேய்ந்த கோழி விடிந்தால் விறைத்துக் கிடக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு கூப்பிட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளப் பார்க்கிறார்கள். நான் தொடவில்லை.

நீ சொன்னபடி முட்டைக்காரியாக வருகிறேன். உன் சாவிக்கு நான் விரோதி இல்லை. ஆனால் ஒன்று. என்னை நேராகப் பார்த்து, "இவன் உனக்கு யார்?" என்று யாராவது கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். இதற்குமேல் என்னால் இறங்க முடியாது.

ஆரோக்கியம்


சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி
12 மார்ச் 1938

அக்காளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். 17ஆம் தேதி வியாழன் காலை பத்துக்கு வரச்சொன்னார்கள். முதல் நாளே வந்து ஜங்ஷன் பக்கத்துச் சத்திரத்தில் தங்கிக்கொள். மாட்டை நம்பாதே.

ஒன்று சொல்ல மறந்தேன். குட் மார்னிங் சொன்னதும் துரைசானி "ஹவ் ஆர் யூ?" என்பார்கள். எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். கேள்வி மாதிரி இருக்கும். கேள்வி இல்லை. லாடம் கழன்ற கதை, இடுப்பு வலி, கோழிச்சீக்கு எதுவும் எடுத்துவிடாதே. "வெரி வெல், தேங்க் யூ, மேடம்." இதோடு நிறுத்திவிடு. இங்கே சாகக் கிடக்கிறவர்கூட அப்படித்தான் சொல்வார். மாட்டுச் சந்தையில் விரலைப் பிடித்து விலை பேசுமுன் கைமேல் துண்டு போட்டு மூடுகிறார்களே, அந்தத் துண்டு மாதிரி நினைத்துக்கொள். துண்டுக்கு ஒன்றும் அர்த்தம் கிடையாது. அது இல்லாமல் பேரமும் கிடையாது.

கழிச்சலைப் பற்றி அங்கே பேச்சே வேண்டாம். கோழிக்கு வேறு வழி நான் பார்க்கிறேன்.

அன்று நான் வராந்தாவில்தான் நிற்பேன். நீ பேசுவதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்லப்போகிறவன் நான்தான். என்னைப் பார்த்துப் பேசாதே, துரைசானியைப் பார்த்துப் பேசு. நீ என்னைப் பார்த்தால் நான் தட்டைத் தவறவிட்டுவிடுவேன். தட்டில் கண்ணாடி கிளாஸ் இருக்கும்.

இன்னாசி


சேசு மரி சூசை துணை

அன்னவாசல்
19 மார்ச் 1938

தம்பி இன்னாசிக்கு,

செக்ரட்டரி துரை உன்னை உள்ளே கூப்பிட்டபிறகு என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். மாதிரி முட்டைக் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். உன் வேலை என்ன ஆயிற்று என்று தெரியாமல் இங்கே சோறு இறங்கவில்லை. உடனே எழுது.

நடந்தது உனக்கும் தெரியும். என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதை எழுதுகிறேன்.

கேட்டுக்குள் நுழையும்போதே நிழலைப் பார்த்துக்கொண்டேன். நீளமாக இருந்தது. மார்னிங்தான், சந்தேகமில்லை. சத்திரத்திலிருந்து வழிநெடுக வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். படிக்குக் கீழே வந்து கூடையை இறக்கினேன். துரைசானி அதே நாற்காலியில் இருந்தார். நீ சொன்னபடி உன்னைப் பார்க்கவில்லை. உன் காலை மட்டும் பார்த்தேன், பூட்ஸ் போட்டிருந்தாய். மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

"வா அக்கா" என்று கேட்டது.

முதலில் எனக்குப் புரியவில்லை. சத்தமாகச் சொன்னாய் தம்பி, தோட்டக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. தட்டைக் கீழே வைத்துவிட்டிருந்தாய். ஒரு மாசமாகப் படித்த பாடம் எல்லாம் மறந்துபோயிற்று. "வாரேன்டா" என்று உனக்குச் சொன்னபிறகுதான் அந்தம்மாள் உட்கார்ந்திருப்பதே ஞாபகம் வந்தது. அப்புறம் சொன்னேன், "குட் மார்னிங், மேடம்." பிசகில்லாமல் சொன்னேனா இல்லையா?

அவர் உன்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நீ இங்கிலீஷில் பதில் சொன்னாய். எனக்கு 'சிஸ்டர்' என்ற ஒரு சொல்தான் புரிந்தது, கன்னியர் மடத்தில் கேட்ட சொல். நீ கையை என் பக்கம் காட்டி, பிறகு உன் நெஞ்சில் வைத்தாய். மற்றதையும் என்ன சொன்னாய் என்று எழுது.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹவ் ஆர் யூ?" என்றார். "வெரி வெல், தேங்க் யூ, மேடம்" என்றேன். துண்டுக்கு அர்த்தம் கிடையாது என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு இருந்தது. நான் நன்றாகத்தான் இருந்தேன்.

கோழிக்கழிச்சலைச் சொன்னதற்கு நீ கோபித்துக்கொள்ளாதே. எத்தனை கோழி தர முடியும் என்று நேராகக் கேட்டுவிட்டார். துண்டை எடுத்தபிறகு உள்ளே இருக்கிற விரல் நிஜமாக இருக்க வேண்டும். "கோழி இப்ப வேண்டாம்னு சொல்லுடா. சீக்கு பரவுது. மழை பெஞ்சு அடங்கட்டும், அதுக்கு அப்புறம் தாரேன்னு சொல்லு" என்றேன். நீ என்னை முறைத்தாய். முறைத்துக்கொண்டே சொன்னாய். அதற்குள் துரை வந்துவிட்டார்.

வேலை போயிருந்தால் கவலைப்படாமல் புறப்பட்டு வா. இங்கே பஞ்சாரம் தூக்க ஆள் வேண்டும். பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

அக்கா


சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி
24 மார்ச் 1938

அக்காளுக்கு,

வேலை போகவில்லை. சாவி போய்விட்டது.

துரைசானி என்ன கேட்டார்கள் என்றால், "அவளிடம் என்ன சொன்னாய்? அவள்தானே முதலில் பேச வேண்டும்?" என்று. நான் சொன்னேன், "இவர் என் மூத்த சகோதரி, மேடம். எங்கள் ஊரில் வந்தவர் முதலில் பேசுவதில்லை. வீட்டில் இருப்பவர்தான் 'வா' என்று சொல்ல வேண்டும். போன தடவை இவர் அதற்காகத்தான் நின்றார். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை." இவ்வளவு இங்கிலீஷை ஒரே மூச்சில் நான் அதற்கு முன் பேசியதில்லை.

முன்கூட்டித் தீர்மானித்து வைத்துக்கொண்டு சொன்னேன் என்று நினைக்காதே. முட்டைக்காரியைப் பார்ப்பது போல்தான் பார்க்க நினைத்தேன். நீ கேட்டுக்குள் நுழையும்போதே குனிந்து உன் நிழலைப் பார்த்தாய். எனக்குத் தாங்கவில்லை.

துரை கடிந்துதான் பேசினார். சட்டம் தெரிந்தும் ஏன் மறைத்தாய் என்றார். தப்புதான் என்று ஒத்துக்கொண்டேன். துரைசானிதான் குறுக்கே வந்தார்கள். "கோழிக்குச் சீக்கு என்று அவளே சொன்னாள். கிழட்டு ஆட்டுக்காரன் அப்படிச் சொன்னானா?" என்றார்கள். நான் சொல்லாதே என்று உனக்கு எழுதிய அதே விஷயம் என்னைக் காப்பாற்றியது. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

கடைசியில் இப்படி முடிந்தது. ஸ்டோர் சாவி சமையல்கார ராக்கனுக்கு. உன் முட்டையை எண்ணுவது, வெளிச்சத்தில் பார்ப்பது எல்லாம் அவர். நான் அந்தப் பக்கமே போகக்கூடாது. சாவியோடு வந்த கூடுதல் சம்பளமும் போயிற்று. முதல் இரண்டு நாள் இடுப்பு வெறுமையாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. ராக்கன் சாவியை ஆட்டிக் காட்டிக்கொண்டே, "என்ன இன்னாசி, முட்டைக்காரி யாருன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதா?" என்கிறார். தெரிந்தது என்கிறேன்.

31ஆம் தேதி வியாழன் காலை விலை பேச வரச்சொன்னார்கள். ராக்கன் கறாரான ஆள். அவர் மூன்றரை அணாவில் தொடங்குவார். நான் உனக்கு எதுவும் சொல்லக்கூடாது. சொல்லவில்லை.

உன் தம்பி
இன்னாசி


சேசு மரி சூசை துணை

அன்னவாசல்
2 ஏப்ரல் 1938

தம்பிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ வியாழக்கிழமை விருந்து மேசையை விட்டு வர முடியாமல் ஜன்னல் வழியாக மட்டும் தலையைக் காட்டினாய். பேரம் எப்படி முடிந்தது என்று ராக்கன் தன் பெருமையைக் கலந்து சொல்லியிருப்பார். நான் கலப்படம் இல்லாமல் எழுதுகிறேன்.

உன் சாவியை நினைத்து எனக்கு வருத்தம் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு எதைக் கொடுத்து நீ அந்த ஒரு சொல்லை வாங்கியிருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வியாபாரத்தில் இது நஷ்டம் இல்லை.

நான் போய் நின்றதும் துரைசானி நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் குட் மார்னிங் சொல்ல வாய் திறந்தேன். அவர் அதற்கு முன்னே, "வாங்கோ" என்றார். யார் சொல்லிக்கொடுத்தது? நீதானே? 'வாங்கோ' ஐயர் வீட்டு வாடை அடிக்கிறது. 'வாங்க' என்று திருத்தினேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். நானும் அவரும் ஒருவருக்கொருவர் முந்திக்கொண்டு சொல்வதைப் பார்த்து ராக்கன், "ரெண்டு பேரும் இப்புடியே பேசிக்கிட்டு இருந்தா முட்டை குஞ்சு பொரிச்சிரும்" என்றார்.

விலை இப்படி முடிந்தது. வெள்ளை ஓட்டு முட்டை டஜன் நாலேகால் அணா. ராக்கன் மூன்றரையில் தொடங்கினார், நான் ஐந்தில் தொடங்கினேன். பாஸ்காவுக்கு முந்திய வாரம் இரண்டு நடையாக முழு ஆர்டரும் வந்து சேரும். அதற்குப் பிறகு வாரா வாரம் வியாழக்கிழமை. வழியில் உடைந்தது என் பொறுப்பு. வெளிச்சத்தில் கெட்டதென்று தெரிந்தால் ஒன்றுக்கு இரண்டு கொடுப்பேன். கோழி மழைக்குப் பிறகு, அதன் விலை அப்போது. பணம் அன்றன்றைக்குக் கையில்.

உனக்கும் எனக்கும் உள்ள விலையையும் எழுதிவிடுகிறேன், பிறகு பேச்சு மாறக்கூடாது. கிளப்பு வாசலில் நான் வந்து நின்றால் முதலில் சொல்ல வேண்டியவன் நீ. யார் பக்கத்தில் இருந்தாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பாஸ்கா முடிந்த திங்கட்கிழமை லீவு கேட்டு ஊருக்கு வர வேண்டும். பூட்ஸோடு வந்தாலும் சரி, நீ வாசலில் குட் நைட் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் சரி, முதலில் 'வா' என்று சொல்லப்போகிறவள் நான். புறப்படும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னபடி மறுபடி வரவும் வேண்டும். இதில் ஒரு சல்லி குறைக்க மாட்டேன்.

அக்கா